சிறிய ட்ரக்டருக்கு எந்த ஸ்லேஷர்?

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல வழியாக ஏறிவரும் ஏ-4 வீதி பெரகலையில் பிரிகிறது. அங்கிருந்து மேலே ஏறினால் ஏ-16 வீதி. அது அப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலி எலவுக்குப் போகிறது. கீழே இறங்கினால் அதே ஏ-4 வீதி கொஸ்லந்தையையும் தியலும நீர்வீழ்ச்சியையும் தாண்டி வெல்லவாய சமவெளியை அடைகிறது. ஊவாவில் சிறிய ட்ரக்டர் வைத்திருந்து, புல்லும் பற்றையும் வெட்டும் வாடகைத் தொழிலில் இறங்க நினைக்கும் எமது சகோதரர்கள் கருவி வாங்கப் போவதற்கு முன்னர் இந்தச் சந்தியில் நின்று ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். எனது வேலை மேலேயா, கீழேயா என்பதே அது. அதற்கு விடை தெரியாமல் "எத்தனை அடி ஸ்லேஷர் நல்லது?" என்று கடைக்காரரிடம் கேட்பதில் பயனில்லை.

இத்தொழிலுக்குக் கேள்வி இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. களைநாசினியான கிளைபொசேட் 2015இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் வந்த இறக்குமதித் தடை அதே ஆண்டிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டாலும், 2022இல் ரூபாவின் வீழ்ச்சியோடு மருந்து விலை எங்கேயோ போய்விட்டது. தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை வேறு. 2021இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவானது. அந்த மக்களின் உழைப்புக்கு அதுவும் போதாது என்பது எமது கருத்து. ஆனால் காணிச் சொந்தக்காரரின் கணக்கில் கையால் புல் வெட்டுவது செலவாகிவிட்டது. ஆகவே இயந்திரத்தை நாடுகிறார்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரொட்டவேட்டர் வேறு, ரோட்டரி கட்டர் வேறு. ரொட்டவேட்டர் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் கருவி. ரோட்டரி கட்டர் மண்ணைத் தொடாமல், நிலத்துக்கு மேலே கிடையாகச் சுழன்று புல்லையும் இளம் மரங்களையும் வெட்டும் கருவி. தென்னந்தோட்டங்களில் இதைத்தான் ஸ்லேஷர் என்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

கருவி வேலை செய்யும் விதம்

ட்ரக்டரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சுழலும் தண்டை பி.டி.ஓ. என்பார்கள். அது நிமிடத்துக்கு 540 தடவை சுற்றும்போது ஸ்லேஷரின் கியர்பொக்ஸ் அந்தச் சுழற்சியைக் கீழ்நோக்கித் திருப்பி, வேகத்தையும் ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. கியர்பொக்ஸின் கீழே வட்டமான தடித்த தட்டு ஒன்று இருக்கும். அதன் இரு முனைகளிலும் இரண்டு கத்திகள் இறுக்கப்படாமல், ஊசலாடும் விதமாகப் பூட்டப்பட்டிருக்கும். கல்லில் பட்டால் கத்தி பின்னே மடங்கும், அடிமரத்தில் ஏறினால் தட்டு வழுக்கிச் செல்லும். அதற்காகத்தான் அந்த அமைப்பு.

4 அடி ஸ்லேஷரின் கத்தி நிமிடத்துக்கு 1,000 தடவை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதன் நுனி மணிக்கு 230 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் தெறிக்கும் ஒரு கல் சன்னத்துக்குச் சமம். ஆகவே முன்னும் பின்னும் சங்கிலித் திரை இல்லாத ஸ்லேஷரை விலை மலிவு என்பதற்காக வாங்கவே கூடாது. திரை இருந்தாலும் சுற்றிலும் 100 மீற்றருக்குள் ஆட்கள் இருக்கலாகாது. லயன்களுக்கு அருகே, பாடசாலை விடும் நேரத்தில், கொழுந்து பறிப்போர் நிற்கும் மலைக்குக் கீழே ஸ்லேஷர் ஓட்டுவதற்கு எந்த வாடகையும் ஈடாகாது.

மேலே போகும் பாதை

அப்புத்தளைப் பக்கத் தேயிலை மலைகளில் ட்ரக்டர் ஸ்லேஷருக்கு வேலை மிகக் குறைவு. ட்ரக்டர் வைத்திருப்பவருக்கு இது கசப்பான செய்தியாக இருக்கலாம். ஆனால் சரிவு யாருடைய முதலீட்டையும் பார்த்து இரக்கப்படுவதில்லை.

சரிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு மீற்றர் நீளமான நேரான பலகையும் மேசன்மார் பாவிக்கும் மட்டமும் போதும். பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கத்தில் நிலத்தில் வைத்து, மட்டம் பார்த்து மறுமுனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் நிலத்துக்கும் இடையிலான உயரத்தை அளவுகோலால் பாருங்கள். 18 சென்ரிமீற்றர் என்றால் 10 பாகைச் சரிவு. 27 சென்ரிமீற்றர் என்றால் 15 பாகை. 15 பாகைக்கு மேற்பட்ட நிலத்தில் சிறிய ட்ரக்டரைக் கொண்டுபோகவே வேண்டாம். 10 பாகைக்கு மேற்பட்டால் குறுக்கே ஓட்ட வேண்டாம். மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும். அதிலும் பின்னால் 200 கிலோ தொங்கும்போது முன்சக்கரங்கள் பாரமிழந்து இருக்கும். மேட்டை நோக்கி முன்பக்கமாக ஏறினால் மூக்குத் தூக்கிவிடும். மேலே போகும்போது பின்பக்கமாக ஏறி, முன்பக்கமாக வெட்டிக்கொண்டு இறங்குவதே முறை. மழை பெய்து ஈரமான புல்லில் இதுவும் வேண்டாம்.

எங்கள் மலைகளுக்கே உரிய ஆபத்தொன்றும் உண்டு. தேயிலைக் காணிகளில் மழைநீர் வடிய வெட்டப்பட்ட கான்கள், கைவிடப்பட்ட நிலங்களில் மானாப் புல்லுக்குள் மறைந்து கிடக்கும். 8 பாகைச் சரிவில் குறுக்கே போய்க்கொண்டிருக்கும் ட்ரக்டரின் பள்ளப் பக்கச் சக்கரம் ஓர் அடி ஆழமான கானுக்குள் இறங்கினால், அந்த ஒரு கணத்தில் ட்ரக்டரைப் பொறுத்தவரை சரிவு 8 பாகையல்ல. சக்கர அகலம் மூன்றரை அடியே உள்ள சிறிய ட்ரக்டரில் அந்த ஓரடி இன்னும் ஏறத்தாழ 16 பாகையைக் கூட்டிவிடும். புரள்வதற்கு அது போதும். எனவே அறியாத காணியில் இயந்திரத்தை இறக்க முன்னர், சாரதி ஒரு கம்பையும் வெட்டுக்கத்தியையும் எடுத்துக்கொண்டு முழுக் காணியையும் நடந்து பார்க்க வேண்டும். கான், கல், பழைய வேலிக் கம்பி எல்லாவற்றுக்கும் அருகில் ஒரு குச்சி நாட்டி, துணி கட்டிவிட வேண்டும். சாரதியின் தலைக்கு மேலான பாதுகாப்புச் சட்டத்தை மடித்து வைத்துவிட்டு ஓட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. அந்தச் சட்டம் நிமிர்ந்திருக்க, இருக்கைப் பட்டி அணிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மாத்திரம் இருந்து பயனில்லை.

மண்ணின் பக்கமும் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களைப் புதைத்ததை ஊவாவில் எவரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் பட்ட துயரம் பெரிது. நாம் வெட்டும் புல்லினால்தான் மலை சரிகிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் சரிவில் புல்லை நிலத்தோடு சேர்த்து மழித்தால் அடுத்த மழைக்கு மேல்மண் போய்விடும். ஸ்லேஷரின் உயரத்தை ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் வைத்தால் அடித்தண்டு நிற்கும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வெட்டிய புல் மேலே போர்வையாகக் கிடக்கும். ரொட்டவேட்டரோ அதற்கு நேர்மாறு. சரிவில் புல்லை அழிக்க ரொட்டவேட்டர் ஓட்டுவது மண்ணைப் பொடியாக்கி ஆற்றுக்கு அனுப்பும் வேலை.

அப்படியானால் மேலே வேலை செய்ய விரும்புகிறவர் என்ன வாங்குவது? தோளில் மாட்டும் புல்வெட்டும் இயந்திரங்கள் நான்கையும் அவற்றை இயக்கப் பழகிய நால்வரையும் சேர்த்துக்கொள்வதே தேயிலை மலைக்குப் பொருத்தமான முதலீடு. வெலிமடை, குருத்தலாவைப் பக்க மரக்கறிக் காணிகளில் தட்டையான துண்டுகள் உண்டு. விளையாட்டு மைதானங்கள், தொழிற்சாலை வளவுகள், வீதியோரங்கள் உண்டு. அங்கே சிறிய ட்ரக்டருக்குச் சில நாள் வேலை கிடைக்கும். ஆனால் அதை மாத்திரம் நம்பி மாதத் தவணை கட்ட முடியாது.

கீழே போகும் பாதை

வெல்லவாய, புத்தள, தணமல்வில, மொனராகலைப் பக்கம் நிலைமை வேறு. வாழை, தென்னை, மாம்பழத் தோட்டங்கள், சோளம் அறுத்த காணிகள், கரும்புக் காணிகளின் எல்லைகள் என்று தட்டையான நிலம் விரிந்து கிடக்கிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறட்சி. அக்காலத்தில் காய்ந்த பத்தனைப் புல்நிலங்களில் தீ பரவுவதும் வழமை. ஜூன் மாதத்திலேயே எல்லைகளில் புல்லை வெட்டித் தீத்தடுப்புப் பாதை அமைத்துக்கொள்ளும்படி காணிச் சொந்தக்காரர்களிடம் நீங்களே போய்ச் சொல்லலாம். அவர்கள் கேட்டு வரும்வரை காத்திருப்பது வியாபாரமல்ல. ஆனால் காய்ந்த புல்லில் வேலை செய்யும்போது ரேடியேட்டர் வலையிலும் சைலன்சரைச் சுற்றியும் சேரும் தும்பை மணிக்கொரு தடவை தட்டிவிடாவிட்டால் தீயைத் தடுக்க வந்தவரே தீ வைத்தவராகிவிடுவார்.

இனி அளவுக்கு வருவோம்.

எஞ்சின் பலம் வேறு, பி.டி.ஓ. பலம் வேறு

விளம்பரத்தில் 24 குதிரைவலு என்றிருப்பது எஞ்சினின் பலம். ஸ்லேஷருக்குப் போய்ச் சேருவது பி.டி.ஓ. பலம். அது பொதுவாக எஞ்சின் பலத்தில் 80 முதல் 85 வீதம். ஆகவே 24 என்பது கையில் 20. கைப்பிரதியில் பி.டி.ஓ. பலம் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அடி வெட்டு அகலத்துக்கு 5 பி.டி.ஓ. குதிரைவலு தேவை என்பது உலகெங்கும் பாவனையிலுள்ள கைக்கணக்கு. 20ஐ 5ஆல் பிரித்தால் 4 அடி. 35 குதிரைவலு ட்ரக்டரென்றால் பி.டி.ஓ. பலம் ஏறத்தாழ 29. அதற்கு 5 அடி சௌகரியம், 6 அடி நெருக்கடி. இந்தக் கணக்கு சாதாரண புல்லுக்கும் விரல் பருமனான பற்றைக்கும்தான். இலுக் அடர்ந்த, ஆளுயரக் கினிப் புல் நிறைந்த, உன்னிச்செடி பின்னிக் கிடக்கும் காணிக்கு அரை அடி குறைத்தே எண்ண வேண்டும்.

சமவெளியில் இருப்பவர்கள் எழுதிய எந்தக் கைப்பிரதியிலும் முன்னுக்கு வராத விடயம் ஒன்று எங்களுக்கு உண்டு. உயரம். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 வீதம் பலத்தை இழக்கிறது, காற்று மெலிவதே காரணம். அப்புத்தளை 4,700 அடி அளவில் இருக்கிறது. அங்கே 14 வீதம் போய்விடும். 24 குதிரைவலு எஞ்சின் அங்கே 20 அல்லது 21 தான், பி.டி.ஓ.வில் 17 மிஞ்சும். வெல்லவாயவில் 4 அடி ஸ்லேஷரைச் சிரமமில்லாமல் இழுக்கும் ட்ரக்டர் அப்புத்தளையில் கரும்புகை கக்குவது பழுதினாலல்ல. கியரைக் குறைத்து மெதுவாகப் போனால் சரியாகிவிடும். மெக்கானிக்கிடம் காசு கொடுக்க முன்னர் இதை நினைவில் கொள்ளுங்கள்.

அகலத்தில் வரும் ஆசை

"அகலமான கருவி என்றால் வேலை சீக்கிரம் முடியும்" என்ற எண்ணம் இயல்பானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 3 கிலோமீற்றர் வேகம், திரும்புவதற்கும் மேல்படிவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழிவு என்று வைத்தால், 4 அடி ஸ்லேஷர் ஓர் ஏக்கரை ஒரு மணி 23 நிமிடத்தில் முடிக்கும். 5 அடி ஸ்லேஷர் ஒரு மணி 6 நிமிடத்தில் முடிக்கும். மிச்சம் 17 நிமிடம். ஆனால் 24 குதிரைவலு ட்ரக்டரில் 5 அடியைப் பூட்டினால் அதே 3 கிலோமீற்றர் வேகத்தில் போக இயலாது. வேகத்தைக் குறைத்ததுமே அந்த 17 நிமிடம் மறைந்துவிடும். மேலதிகமாகக் கொடுத்த காசும், கூடிய எடையும், வாழை வரிசைக்குள் நுழைய முடியாத அகலமுமே மிஞ்சும்.

மறுபக்கம், மிகவும் ஒடுங்கிய கருவியும் சரியில்லை. ட்ரக்டரின் பின்சக்கரங்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையிலான தூரத்தை நாடாவால் அளந்துபாருங்கள். ஸ்லேஷர் அதைவிடச் சற்றாவது அகலமாக இருக்க வேண்டும். இல்லையேல் வேலியோரத்தில் சக்கரம் மிதித்த புல் வெட்டப்படாமல் கிடக்கும். 24 குதிரைவலு வகைகளில் இந்த அகலம் பொதுவாக 4 அடிக்குள் அடங்கும் என்பதால் இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது.

எடையும் முக்கியம். 4 அடி ஸ்லேஷர் 180 முதல் 230 கிலோ வரை வரும். "எனது ட்ரக்டர் 700 கிலோ தூக்கும்" என்று சமாதானப்பட வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் தூக்கும் கைகளின் முனையில் அளந்தது. ஸ்லேஷரின் பாரமோ அதற்கும் மூன்றடி பின்னால் இருக்கிறது. தூக்கிவிடும், சரி. முன்பக்கம் நிலத்தில் நிற்குமா என்பதே கேள்வி. கடை வளவிலேயே பூட்டி, முழுவதும் தூக்கி, மெதுவாக ஓட்டித் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் இலேசாகத் தெரிந்தால் முன்னால் எடைக்கட்டிகள் பூட்ட வேண்டும். அவற்றின் விலையையும் ஸ்லேஷரின் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.

பழைய ட்ரக்டர் வைத்திருப்போருக்கு

பாவித்த ஜப்பானிய ட்ரக்டர்கள் சிலவற்றில் பி.டி.ஓ.வுக்கு மூன்று நான்கு வேகங்கள் இருக்கும். முதலாவதுதான் 540ஐ ஒட்டியது. மற்றவை 1,000ஐயும் தாண்டும். ரொட்டவேட்டருக்காக வைத்த அந்த வேகங்களில் ஸ்லேஷரை ஓட்டினால் கத்தி கழன்று பறக்கும். நெம்புகோல் முதலாவது வேகத்தைத் தாண்டாதவாறு ஒரு தடுப்பை வெல்டிங் பட்டறையில் போட்டுக்கொள்வது நல்லது. ஜப்பானில் எழுதிய எழுத்தை எமது சாரதி வாசிக்கப்போவதில்லை.

அடுத்தது, பி.டி.ஓ. எப்படி இயங்குகிறது என்பது. சில பழைய ட்ரக்டர்களில் ஒரே கிளட்ச்தான் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும். கிளட்சை மிதித்ததும் எஞ்சினின் தொடர்பு விடுபடும். ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் கத்தியின் வேகம் தண்டு வழியாகத் திரும்பிவந்து கியர்பொக்ஸினூடாகச் சக்கரத்தைத் தள்ளும். சாரதி கிளட்சை மிதித்தும் ட்ரக்டர் நிற்காது. வேலியிலோ சுவரிலோ மோதினால் நட்டம், பள்ளத்தின் விளிம்பு என்றால் உயிர். இதற்கு ஒருபக்கம் மாத்திரம் சுழற்சியைக் கடத்தும் ஓவர்ரனிங் கிளட்ச் என்ற சிறிய பாகத்தை பி.டி.ஓ. தண்டில் பூட்ட வேண்டும். ட்ரக்டரின் விலையோடு பார்க்கையில் அது பெரிய செலவல்ல. அதைப் பூட்டியதும் தண்டின் நீளம் சில அங்குலம் கூடும். அந்த அளவுக்குத் தண்டை வெட்டிக் குறைக்காவிட்டால் ஸ்லேஷரைத் தூக்கும்போது தண்டு முட்டி, ட்ரக்டரின் பின்புறமே உடையும். அதிகமாக வெட்டினால் ஓட்டத்தில் கழன்றுவிடும். உள்ளும் வெளியுமான குழாய்கள் எப்போதும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும்.

தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் அநேகர். 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. சாரனோடு அருகில் போனவருக்குக் கையை எடுக்க நேரம் கிடைக்காது. இந்த வேலைக்கு இறுக்கமான காற்சட்டைதான் உடை.

போல்ட்டா, கிளட்சா?

ஸ்லேஷர் வாங்கும்போது அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். கத்தி பாறையில் மோதும்போது அந்த அதிர்ச்சி கியர்பொக்ஸுக்கும் ட்ரக்டருக்கும் போகாமல் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, முறியும் போல்ட். தண்டில் மென்மையான இரும்பினாலான ஒரு போல்ட் பூட்டப்பட்டிருக்கும். மோதியதும் அது முறிந்து தொடர்பு விடுபடும். மற்றையது ஸ்லிப் கிளட்ச். உராய்வுத் தட்டுகள் ஸ்பிரிங்கினால் நெருக்கப்பட்டிருக்கும். மோதியதும் அவை வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

போல்ட் மலிவானது. ஆனால் கல் நிறைந்த காணியில் நாளுக்குப் பல தடவை முறியும். முறிந்த மூன்றாவது தடவையில் சாரதிக்குக் கோபம் வந்து, அருகிலுள்ள ஹாட்வெயார் கடையில் நல்ல உறுதியான போல்ட் ஒன்றை வாங்கிப் பூட்டிவிடுவார். அதற்குப்பின் அந்த போல்ட் முறியாது, கியர்பொக்ஸ்தான் உடையும். நல்ல பொருள் விற்ற கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. இது பலவீனமாக இருக்கவேண்டிய போல்ட். ஸ்லேஷர் தயாரித்தவர் குறிப்பிட்ட தரத்தில் இருபது போல்ட்டுகளை வாங்கி ட்ரக்டரின் பெட்டியில் பூட்டி வையுங்கள். வேறெதையும் அந்தத் துவாரத்தில் போட சாரதிக்கு அனுமதி இருக்கக்கூடாது.

கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய வரையான அடிவாரக் காணிகளில் வேலை செய்ய நினைப்பவருக்கு ஸ்லிப் கிளட்ச் பூட்டிய ஸ்லேஷரையே நாம் சிபாரிசு செய்வோம். விலை கூடினாலும் நின்று போகும் நேரம் மிச்சம். ஆனால் அதற்கொரு நோய் உண்டு. எங்கள் மழையிலும் பனியிலும் இரண்டு மூன்று மாதம் சும்மா கிடந்தால் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் கிளட்ச் இருக்கும், உள்ளே இரும்புக் கட்டிதான் இருக்கும். முதல் கல்லில் கியர்பொக்ஸ் போய்விடும். ஆகவே பருவம் தொடங்கும்போது ஸ்பிரிங் நட்டுகளின் இருப்பை அளந்து எழுதிவைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சம அளவாகத் தளர்த்துங்கள். தட்டுகளின் விளிம்புக்குக் குறுக்காகச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். உறைகள் மூடியிருக்க, எவரும் அருகில் இல்லாதபோது, பி.டி.ஓ.வை ஓரிரு நொடி மாத்திரம் போட்டு நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் தட்டுகள் வழுக்குகின்றன, நட்டுகளைப் பழைய அளவுக்கே இறுக்கலாம். கோடு நேராகவே இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். உராய்வுத் தட்டுக்கு எண்ணெயோ கிறீஸோ போடுவது பெரும் தவறு.

கத்திகளைச் சோடியாகவே மாற்றுங்கள். தீட்டும்போதும் இரண்டும் ஒரே எடையாக இருக்கட்டும், கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் போதும். சவரக்கத்திபோல் கூராக்க வேண்டாம், கல்லில் பட்டால் முனை மடியும்.

பணமும் உடன்படிக்கையும்

வாடகையை ஏக்கருக்குப் பேசுவதா, மணிக்குப் பேசுவதா? முன்னைய கணக்கில் ஓர் ஏக்கருக்கு ஒரு மணி 23 நிமிடம் வந்தது. இரண்டு வருடம் கைவிடப்பட்ட காணியில் வேகம் பாதியாகும், இரண்டு தடவை வெட்ட வேண்டியும் வரும். அதே ஏக்கருக்கு 5 மணி 32 நிமிடம் ஆகும். காணியைப் பார்க்காமல் தொலைபேசியில் ஏக்கருக்கு விலை பேசியவர் டீசல் காசையும் கையிலிருந்து போட நேரும். கூலிக்கு வேலை செய்யும் இஜாரா உடன்படிக்கையில் வேலையோ காலமோ கூலியோ தெளிவற்றிருக்கக் கூடாது என்று மார்க்க அறிஞர்கள் வலியுறுத்துவதன் நடைமுறைப் பெறுமதி இங்கேதான் விளங்குகிறது. பராமரித்த காணிக்கு ஏக்கர் கணக்கு, கைவிடப்பட்ட காணிக்கு எஞ்சின் மணிக் கணக்கு என்று பிரித்து வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நீதியானது.

சாரதியில்லாமல் ஸ்லேஷரை மாத்திரம் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் அமானிதமாக வைத்திருப்பவர் என்பதே பொதுவான சட்டம். தேய்ந்து பழுதானால் உரிமையாளர் பொறுப்பு, அவரது அலட்சியத்தால் உடைந்தால்தான் அவர் பொறுப்பு. ஆனால் எது அலட்சியம்? உறுதியான போல்ட் பூட்டியதும், அளவுக்கு மீறிய பருமனான மரத்தில் ஏற்றியதும், 540க்கு மேல் ஓட்டியதும் அலட்சியம் என்று ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிக்கொண்டால் பின்னர் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் வழக்குக் கொண்டுபோக வேண்டியிருக்காது. கத்தியும் முறியும் போல்ட்டும் யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

வட்டியில்லாமல் வாங்க விரும்புவோருக்கு 2011இல் அமானா வங்கி தொடங்கிய பின்னர் வழி எளிதாகியுள்ளது. முராபஹாவில் வங்கி முதலில் பொருளைத் தானே வாங்கி, இலாபத்தைச் சொல்லி உங்களுக்கு விற்கிறது. நம்மவர்கள் சிலர் அவசரத்தில் கடைக்காரருக்குத் தாங்களே முழுக்காசையும் கொடுத்துப் பொருளை எடுத்துவிட்டுப் பிறகு வங்கிக்குப் போகிறார்கள். உங்களுக்குச் சொந்தமாகிவிட்ட பொருளை வங்கி உங்களுக்கு எப்படி விற்கும்? விலைக்கூற்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு முதலில் வங்கிக்குப் போங்கள்.

பாவித்த ஸ்லேஷர் வாங்குவதானால் மேல்தகட்டின் அடியில் டோர்ச் அடித்து, கியர்பொக்ஸ் பூட்டிய இடத்தைச் சுற்றி வெடிப்பும் வெல்டிங்கும் உள்ளனவா என்று பாருங்கள். கத்தித் தட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள், பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விற்பவர் நீங்களானால், வாங்குபவர் டோர்ச் எடுக்க முன்னரே வெடிப்பை நீங்கள் காட்டிவிட வேண்டும். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல. பெயின்ட் அடித்து மறைத்த வெல்டிங் எப்படியும் முதல் பருவத்திலேயே வெளியே வந்துவிடும்.

வேலைக்குப் போகும் ஒவ்வொரு காணியிலும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ட்ரக்டரின் மணிமானியைக் காணிச் சொந்தக்காரரின் முன்னிலையில் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளும்படி சாரதியிடம் சொல்லிவையுங்கள். அந்தப் படங்களை மாதக் கடைசியில் டீசல் பற்றுச்சீட்டுகளோடு வைத்துப் பார்த்தால் எந்தக் காணியில் இலாபம், எந்தக் காணியில் நட்டம் என்பது தெரிந்துவிடும். அடுத்த தடவை அந்தக் காணிக்கு என்ன வாடகை சொல்வது என்பதை அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.